மெதுவாக வரும் ஐஸ் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திருநின்றவூர் ஏரிக்குப் போகும் சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்த வாடகை வீட்டுக்குள் காற்று என்பது பேருக்குக்கூட இல்லை. ஃபேன் சுற்றியது, ஆனால் சூட்டைத்தான் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. சரண் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து இடது காலை முக்காலி மேல் நீட்டியிருந்தான். அவன் பெண்டாட்டி அருள்மொழி தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலுக்கு கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அது முழங்காலாகவே இல்லை. எலும்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தேட வேண்டியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் இறுக்கு.”

“இதுக்கு மேல இறுக்குனா காலு மரத்துப் பூடும்யா.”

“மரத்தா நல்லதுதான். இறுக்கு.”

இறுக்கினாள். அவன் வாயே திறக்கவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது, வந்த மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டான். மகள் நிஷா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அருள்மொழியும் இப்படித்தான் கிடந்தாள். பக்கத்துக் கட்டில்காரி ஊரைக் கூட்டினாள், இவளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. நிஜமாக வலிக்கும்போது கத்துவதற்கு மூச்சு மிச்சமிருக்காது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

நாலு வயது நிஷா பவுடர் டப்பாவோடு சமையல் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

“ப்பா, உயு.”

விழச் சொல்கிறாள். இது அந்த வீட்டில் தினசரி நடக்கும் விளையாட்டு. அப்பா வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் விழுந்து “அய்யோ அம்மா” என்று கத்த வேண்டும். கத்திய பிறகுதான் நிஷா புறப்படுவாள். புறப்பட்டாலும் ஓடி வர மாட்டாள். கல்யாணத்தில் தாம்பாளம் தூக்கி வருகிறவள் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, டப்பா மூடியை மூன்று தரம் திறந்து மூடி, வலது முழங்காலில் பவுடரைக் கொட்டுவாள். அதற்குள் அப்பா ரெண்டு தரம் செத்துப் பிழைத்துவிட வேண்டும்.

“இன்னிக்கு வாணாம் கண்ணு. அப்பாவுக்கு மேட்ச் கீது,” என்றான் சரண். குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பேபியக்காவிடம் போய்விட்டது.

அப்பன் செய்கிற வேலையைத்தான் குழந்தை விளையாடுகிறது, அதைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. சரண், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப்செட் வார்ப்பு செய்யும் ஒரு கம்பெனியின் ஃபுட்பால் டீமுக்கு கோல்கீப்பர். பதினோரு மாதக் காண்ட்ராக்டில் மூன்று வருஷமாக நிற்கிறான். லீக் ஆட்டங்களில் அந்த டீம் முன்னால் இருந்தாலோ, டிரா ஆனால் போதும் என்றாலோ, கடைசிப் பத்து நிமிஷத்தில் சரணுக்கு அடிபட்டுவிடும். மற்ற ஆட்டக்காரன் அடிபட்டுப் படுத்தால் அவனைக் கோட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு ஆட்டத்தை நடத்தலாம். கோல்கீப்பர் படுத்தால் அவன் எழுந்திருக்கிறவரை பந்து உருளாது, அவனை வெளியே போகச் சொல்லவும் முடியாது. ரெஃப்ரி கடைசியில் நேரம் கூட்டுவார்தான். ஆனால் போனது எட்டு நிமிஷம் என்றால் கூட்டுவது மூன்றோ நாலோ. அதைவிட முக்கியம், கொதித்துக்கொண்டு ஏறி வந்த எதிர் டீமின் சூடு அதற்குள் ஆறிப்போகும்.

இதற்கு ஒரு முறை இருந்தது. கோச் கோவிந்தராஜ் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தால், அடுத்த பந்தைப் பிடித்ததும் சரண் விழ வேண்டும். எப்போதும் வலது முழங்கால்தான், மாற்றினால் மறந்துபோகும். கூப்பாடு மைதானத்துக்கு வெளியே கேட்க வேண்டும். பிறகு ரெஃப்ரி கை காட்ட, கோட்டோரத்திலிருந்து கலீல் ரகுமான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். கலீல் பாய்க்கு குமணன்சாவடியில் மெத்தை தைக்கிற கடை. ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர், இப்போது மேட்ச் அன்று டீமுக்கு முதலுதவி பார்க்கிறார். அவர் நடந்து வருகிற அழகுக்கே தனியாக டிக்கெட் போடலாம். பாதி தூரம் வந்ததும் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். பெட்டியின் கொக்கி மாட்டிக்கொள்ளும். சரண் ஒரு தரம் கூப்பாட்டை மறந்துவிட்டு சும்மா படுத்திருந்தபோது, நிஜமாகவே அடி என்று நினைத்து பதறிப்போய்விட்டார். அன்றைக்கே கண்டிப்பாகச் சொன்னார்: “தம்பி, கத்துனா நடந்து வருவேன். கத்தலேன்னா ஓடி வருவேன். மாத்திடாத.”

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் சரணுக்கு ‘ஐஸ் பொட்டி’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஒரே சீசனில் மூன்று பெனால்டி தடுத்தவன் அவன். அதற்கு யாரும் பட்டம் கட்டவில்லை. இதில் அருள்மொழிக்கு இருந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனாலும் மைதானத்துக் காலரிப் படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை நிமிஷம் என்று சொல்கிறவளும் அவள்தான். எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிறவள் அவள். அங்கே ஒரு காலருக்கு நாற்பது செகண்ட் என்று சூப்பர்வைசர் ஸ்டாப்வாட்சோடு பின்னால் நிற்பான். பெண்டாட்டி செகண்டைப் பிடித்து வைத்துச் சம்பளம் வாங்க, புருஷன் நிமிஷத்தைக் கொட்டிவிட்டுச் சம்பளம் வாங்கிய குடும்பம் அது.

பத்து நாளைக்கு முன்னால் நடந்த ஆட்டத்தில் கோச் தொப்பியைக் கழற்றினார், சரண் விழுந்தான். மழை காணாமல் வெடித்துக் கிடந்த கோல் வாய். பூட்ஸ் முள் ஒரு வெடிப்பில் மாட்டிக்கொள்ள, உடம்பு ஒரு பக்கம் போனது, இடது முழங்கால் இன்னொரு பக்கம் போனது. உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். பொய்யாக விழப் போனவனுக்கு நிஜமாகவே போய்விட்டது. வழக்கப்படி கத்திவிட்டு, வலது முழங்காலில் ஸ்ப்ரே வாங்கிக்கொண்டு, மீதி ஆட்டத்தையும் எப்படியோ நின்று முடித்தான். சூட்டில் தெரியவில்லை. ரயிலை விட்டு இறங்கும்போதுதான் கால் தரையில் ஊன்றவில்லை.

கிளினிக் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஜவ்வு அறுந்திருக்கும், ஸ்கேன் எடு, ஆபரேஷன் வேண்டியிருக்கும், இனி விளையாட்டை மறந்துவிடு என்றார். புத்தூர் கட்டு போடலாம் என்று பேபியக்கா சொன்னாள். கட்டு போட்டால் ஊருக்கே தெரியும். காய்ச்சல் என்று சொல்லி சரண் பிராக்டீஸுக்குப் போகாமல் இருந்தான். கக்கூஸில் உட்கார முடியாமல் சேரைத்தான் உள்ளே தூக்கிப் போட வேண்டியிருந்தது.

மறைக்காமலும் முடியாது. இந்த வருஷம் கம்பெனியில் ஒரே ஒரு பெர்மனென்ட் இடம். கடைசி ஆட்டத்தில் தோற்காமல், கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் நின்றுவிட்டால், அன்று சாயங்காலமே மைதானத்தில் வைத்து சரணுக்கு ஆர்டர் தருவதாக ஸ்போர்ட்ஸ் மேனேஜர் திருமுருகன் வாக்கு கொடுத்திருந்தார். தோற்றால் டீமையே கலைத்துவிடுவார்கள். போன வருஷம் இதே இடத்துக்கு ஜெகதீசன் என்ற ஃபார்வர்டு இருந்தான். ஆர்டருக்கு ஒரு வாரம் முன்னால் அவனுக்குக் கணுக்கால் உடைந்தது. குணமாகி வாப்பா என்று அன்பாகத்தான் சொன்னார்கள். குணமாகிப் போனபோது அவன் பெயர் இருந்த லிஸ்டே இல்லை. இப்போது குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

“ஒரு மேட்ச்சு,” என்றான் சரண், கறுப்பு டிராக் பேன்டை ஏற்றிக்கொண்டே. “தொண்ணூறு நிமிசம். அப்பால கையெய்த்து. அதுக்கப்புறம் இந்தக் காலு எக்கேடு கெட்டா எனக்கின்னா.”

எனக்கென்ன என்று சொன்னானே தவிர, அவன் கை பேண்டேஜ் மேல் இருந்து எடுபடவில்லை. வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னான். வராமல் இருக்கிறவளா அவள்? ரசம் சோற்றை அவனுக்குப் பிசைந்து கொடுத்து, மிச்சத்தைத் தான் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, அவனோடே கிளம்பினாள்.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்து மைதானத்தில் நாலு மணி வெயில் நாக்கைத் தள்ள வைத்தது. ஆவடி டெப்போ பக்கம் மேகம் திரண்டிருந்தது, மழை வருமா என்றால் வராது. மூன்று படி சிமென்ட் காலரியில் முந்நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் எதிர் டீமுக்கு லாரியில் வந்து இறங்கிய வடசென்னைப் பையன்கள். ஷாமியானாவுக்குக் கீழே மேசை போட்டு, ஃபைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருமுருகன் உட்கார்ந்திருந்தார். அந்த நீல ஃபைலை அருள்மொழி உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டாள்.

முதல் பாதியில் சரணுக்குப் பெரிதாக வேலை வரவில்லை. வந்த ரெண்டு பந்தையும் இருந்த இடத்திலேயே பிடித்தான். கோல் கிக்கைத் தான் அடிக்காமல் பின்வரிசை ஸ்டாப்பரை அடிக்கவிட்டான். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதெல்லாம் கோல் போஸ்டில் சாய்ந்து கொண்டான். தெரியாதவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கும்.

ரெண்டாம் பாதியில் வடசென்னைப் பையன்கள் பொறி பறக்க ஆட ஆரம்பித்தார்கள். அவர்கள் அடித்த ஒன்று மேல் கம்பியில் பட்டுத் திரும்பியது. இன்னொன்றை சரண் முஷ்டியால் குத்தி வெளியே தள்ளினான். இறங்கும்போது வலது காலில் மட்டும் இறங்கினான், அருள்மொழி பார்த்தாள். கோல் இல்லை, டிரா போதும், எண்பது நிமிஷம் ஆகியிருந்தது. கோவிந்தராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

அடுத்த பந்து சரணின் கைக்கு வந்தது. அவன் விழவில்லை.

காலரியில் சிலர் விசில் அடித்தார்கள், இன்றைக்கு ஐஸ் பொட்டி திறக்கலையா என்றார்கள். மூன்று நிமிஷம் கழித்து கோச் மறுபடி கழற்றினார். தலையைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், தொப்பியை உதறினார். சரண் பந்தைப் பிடித்து நின்றுகொண்டே உருட்டிவிட்டான். ஸ்டாப்பர் பையன் பக்கத்தில் ஓடி வந்து, மாமே மாஸ்டர் தொப்பி கயட்டிக்கினே கீறாரு படு என்று கெஞ்சுவது காலரி வரை கேட்டது. ஷாமியானாவிலிருந்து திருமுருகன் எழுந்து நின்று கோச்சைப் பார்த்துக் கையை விரித்தார். இவ்வளவு நாள் விழுந்து விழுந்து சம்பளம் வாங்கியவனுக்கு இன்றைக்கு என்ன நேர்மை பொத்துக்கொண்டு வந்தது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

அருள்மொழியால் உட்கார முடியவில்லை. காலரியை விட்டு இறங்கி, கோலுக்குப் பின்னால் கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றாள். வலைக்கும் வேலிக்கும் பத்தடிதான் இருக்கும்.

“இன்னாயா?” என்றாள் மெதுவாக.

அவன் திரும்பவில்லை. பந்து நடுக்கோட்டில் இருந்தது. கழுத்தெல்லாம் வியர்வை, உதடு வெளுத்துக் கிடந்தது.

“படுத்தா எய்ந்துக்க முடியாது அருளு,” என்றான். “சத்தியமா முடியாது.”

ஒன்றுமில்லாததற்கெல்லாம் இருபது தரம் படுத்து எழுந்தவன், இன்று ஒரே ஒரு தரம் படுக்கப் பயந்து நிற்கிறான். கோச் கோபத்தில் இவனை எடுத்துவிட்டு ரிசர்வ் கீப்பரை இறக்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது. அப்படி இறக்கினால் ஏன் என்று கேள்வி வரும், டிராக் பேன்டை ஏற்றிப் பார்ப்பார்கள். அந்த நீல ஃபைல் மூடியபடியே ஆபீஸுக்குத் திரும்பிப் போகும். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஆறு நிமிஷம், அதற்கு மேல் ரெஃப்ரி கூட்டுவது.

எண்பத்தைந்தாவது நிமிஷத்தில் கார்னர். பந்து வளைந்து உயரமாக உள்ளே வந்தது. நாலைந்து தலைகள் எழும்பின, எல்லாவற்றுக்கும் மேலே சரணின் ரெண்டு முஷ்டியும் எழும்பி பந்தைக் குத்தித் தள்ளின. நல்ல குத்து, பந்து பாதி மைதானம் போனது. ஆனால் ஒரு தோள் அவன் இடுப்பில் இடித்தது, இடது காலில்தான் இறங்க வேண்டியதாயிற்று. கால் துணி மாதிரி மடிந்தது.

ரெஃப்ரி விசில் ஊதினார். சரண் குப்புறக் கிடந்தான். சத்தமே இல்லை.

அந்தச் சத்தமின்மை என்ன என்று வேலிக்கு உள்ளே ரெண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தர் கோவிந்தராஜ், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ரிசர்வ் கீப்பரைப் பார்த்து, கிளவுஸ் போடு என்று கை காட்டினார். இன்னொருத்தர் கலீல் பாய். ரெஃப்ரி கையை முழுதாகத் தூக்குவதற்குள் அவர் கோட்டைத் தாண்டிவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், ஐஸ் பெட்டி தொடையில் இடிக்க இடிக்க ஓடி வந்தார். அவர் ஓடி அருள்மொழி பார்த்ததே கிடையாது. அவர் ஓடுவதைப் பார்த்து காலரியும் அடங்கியது. திருமுருகன் ஷாமியானாவை விட்டு வெளியே வந்தார்.

அருள்மொழி வேலியைப் பிடித்துக்கொண்டாள். யோசிப்பதற்கு ஒரு காலர் தைக்கிற நேரம்கூட இல்லை.

“கத்துயா!”

சரணின் தலை லேசாக அசைந்தது.

“யோவ், கத்துயா! கத்து!”

அவன் கத்தினான். வலது முழங்காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புரண்டு மல்லாந்து, “அய்யோ அம்மா” என்று ஆவடி ரோடு வரை கேட்கிற மாதிரி கத்தினான். காலரி ஒரு நொடி திகைத்து, பிறகு கொல்லென்று சிரித்தது. திறந்துட்டாண்டா ஐஸ் பொட்டி என்று யாரோ கூவினார்கள். பெண்டாட்டி வந்து சொல்லித் தருதுடா என்று இன்னொருத்தன். எதிர் டீம் பையன்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். கோவிந்தராஜ் ரிசர்வ் கீப்பரை உட்காரச் சொன்னார். திருமுருகன் சிரித்துக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினார்.

கலீல் பாய் ஓட்டத்தை நிறுத்தினார். மூச்சு வாங்கியது. பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், வழக்கமான அந்த நடை.

அருள்மொழி மட்டும் சிரிப்புக்கு நடுவே அந்தக் குரலைக் கேட்டாள். மூன்று வருஷமாக அவன் கத்தியதில் ஒன்றுகூட இப்படி இல்லை. பத்து நாள் ஆபீஸுக்கும் கோச்சுக்கும் குழந்தைக்கும் மறைத்து வைத்திருந்தது அத்தனையும் அதில் வந்தது. இவன் இப்படிக் கதற, அந்த மனுஷன் அடிமேல் அடி வைத்து வருகிறார், வரவைத்தது நான்தான் என்று நினைத்தாள். பாதி வழியில் பாய் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். வேலிக் கம்பி அவள் உள்ளங்கையில் பதிந்தது. ஓடி வாங்க பாய் என்று கூவ வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அவர் வந்து மண்டியிட்டு, பழக்கத்தில் இடது காலை ஒதுக்கி வைப்பதற்காக அந்த முழங்காலுக்குக் கீழே கையைக் கொடுத்தார். கொடுத்த கை அப்படியே நின்றது. டிராக் பேன்டுக்கு மேலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. சரணின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, வலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அருள்மொழியைப் பார்த்தார். அவள் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

கலீல் பாய் பெட்டியின் கொக்கியை மூன்று தரம் திறந்து மூடினார். சரணின் வலது காலை நீட்டி, டிராக் பேன்டைச் சுருட்டி, கீறல்கூட இல்லாத அந்த முழங்காலில் ஸ்ப்ரே அடித்தார்.

மூன்று நிமிஷம் பத்து செகண்ட் ஆனது. ரெஃப்ரி சரணுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். பாய் தோளையும் கோல் போஸ்டையும் பிடித்துக்கொண்டு எழுந்தவன், பாய் போன பிறகும் போஸ்டை விடவில்லை. கூட்டிய நேரத்தில் ஒரே ஒரு பந்து வந்தது, அதுவும் நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. ஆண்டவனுக்கு அன்றைக்கு அவன் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்க வேண்டும். கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கடைசி விசில் ஊதியது.

டிவிஷனில் நின்றாயிற்று. டீம் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். திருமுருகன் மேசையிலிருந்து சரணைக் கை காட்டிக் கூப்பிட்டார். நீல ஃபைல் திறந்திருந்தது. கோலிலிருந்து ஷாமியானா அறுபது எழுபது தப்படி இருக்கும், அத்தனை பேரும் பார்க்க நடந்து போக வேண்டும்.

“நொண்டு,” என்றாள் அருள்மொழி வேலிக்குப் பின்னால் இருந்து. “நல்லா நொண்டுயா. எல்லாரும் சிரிக்கிற மாதிரி.”

அவன் நொண்டினான். ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையை வீசி, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பைப் பாதியாக மடித்து நொண்டினான். காலரி கைதட்டியது. வடசென்னைப் பையன்கள்கூட திட்டிக்கொண்டே சிரித்தார்கள். “மேட்ச்சு முடிஞ்சிருச்சுப்பா, போதும் நிறுத்து,” என்றார் திருமுருகன். உட்காரச் சொன்னார். பரவாயில்லை சார் என்று குனிந்து, மேசையில் முழங்கையை ஊன்றி, காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டான். கேசட் மாதிரி ஒரே பல்லவிதான் உனக்கு, ஆனாலும் காப்பாத்திட்டே என்று அவர் முதுகில் தட்டினார்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் அவனை ஏற்றிவிட்டு அருள்மொழி நின்றபோது, கலீல் பாய் ஐஸ் பெட்டியோடு வந்தார். மிச்சமிருந்த ஐஸை ஒரு துண்டில் கொட்டி முடிந்து அவளிடம் கொடுத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“எத்தினி நாளா?”

“பத்து நாளுண்ணே.”

“எங்கைல சொல்லியிருக்கலாமில்ல. பொய்க்கு வர்றவன் நெசத்துக்கு வர மாட்டனா?” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் காலிப் பெட்டியின் கொக்கியை மாட்டினார். “ஓடி வந்துகினு இருந்தேம்மா. ஓங்கொரலு கேட்டுத்தான் நின்னேன். இனிமே அவன் கோல்ல நிக்க முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும்ணே.”

“அவனுக்கு?”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவுக்குள் சரண் ஆர்டர் கவரை மார்போடு அணைத்துப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தான். நாளைக்குக் காலையில் தானே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு பாய் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். இப்போது வேகமாகத்தான் நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரரும் அவளுமாக அவனைத் தாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். சேரில் உட்கார வைக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாயில் படுத்துவிட்டான். பேண்டேஜை அவிழ்க்க அவளுக்கு தைரியம் வரவில்லை. ஐஸ் கட்டிய துண்டைத் தேடி வாசலுக்குத் திரும்பினாள்.

நிஷா அதற்குள் வந்துவிட்டாள். அப்பா பாயில் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஒரே ஓட்டமாக சமையல் ரூமுக்குப் போய், பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த ரூம் வாசலில் தயாராக நின்றாள்.

“கத்துப்பா.”

சரண் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். மூக்கு விடைத்திருந்தது.

“ப்பா, கத்து. கத்துனாத்தான் வருவேன்.”

அருள்மொழி ஐஸ் துண்டோடு அப்படியே நின்றாள். தண்ணீர் அவள் கால் மேல் சொட்டியது. இத்தனை பேருக்கு நடுவே அவளுக்கு வந்த குரல் இந்த எட்டடி வீட்டுக்குள் வரவில்லை. கடைசியில் சொன்னாள்:

“ஓடி வாடா கண்ணு. இன்னிக்கு ஓடி வா.”

“கலீல் மாமா ஓட மாட்டாரும்மா,” என்றாள் குழந்தை, அம்மாவுக்கு ஆட்டமே தெரியவில்லையே என்பது போல.

“இன்னிக்கு ஓடுனாரு. நாந்தான் நிறுத்திட்டேன்.”

நிஷா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஓடி வந்தாள். மூன்றே எட்டு. மூடியை ஒரே தரம்தான் திறந்தாள். மண்டியிட்டு, எப்போதும் போல வலது முழங்காலில் பவுடரைக் கொட்டப் போனாள்.

சரண் அவள் கையைப் பிடித்தான்.

“அது இல்ல கண்ணு,” என்றான். “இந்தக் காலு.”